வாழ்த்துரைக்குப் பின்னால் நின்ற ஹால் டிக்கெட்

தேர்வுத்துறையின் இணையப் பக்கம் திறக்காத பழியைத் தற்காலிக ஊழியர் பூங்கொடி மேல் போட்டார் இயக்குநர் சதானந்தம். அவருடைய வாழ்த்துரை, பறக்கும் பூக்கள், சுழலும் சின்னம் எல்லாவற்றையும் ஓட்டும் கணினி நிரலை மாணவர்களின் மலிவு போன் வரிவரியாகப் படித்து முடித்தால்தான் ஹால் டிக்கெட்டே கண்ணில் படும். பூவுக்கும் தேர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரை யார் கேட்பது?

“என் வரி ஒண்ணையும் நீக்கக் கூடாது. நாளைக்குப் பக்கம் உடனே திறக்கணும். இல்லைன்னா வேலைக்கு வர வேண்டாம்மா.”

மறுநாள் பக்கம் சட்டென்று திறந்தது. மாணவர்கள் வாழ்த்தினார்கள். சதானந்தம் மட்டும் பார்வையாளர் கணக்கைப் பார்த்துவிட்டு ஊழியர் கூட்டத்திலேயே பூங்கொடியிடம் கத்தினார்: “என் உரையை ஏழு பேர்தான் பார்த்திருக்காங்க. எதை நீக்கினே?”

“எதையும் நீக்கலை சார். ஹால் டிக்கெட் முதல்ல வரும், உங்க உரை அதுக்கப்புறம் இறங்கும். பந்தியை முன்னாடி போட்டேன், சாப்பிட்டவங்க எழுந்து போயிட்டாங்க.”