ராஜா வாய்க்கு ஒரு சைவப் பல்

கொன்றையூர் ராஜா வீரகேசரிக்குச் சீடை என்றால் உயிர். அந்தச் சீடைதான் அவர் முன்பல்லைக் கொண்டுபோனது. தேரோட்டம் நெருங்கிவிட்டது. பொக்கை வாயோடு ஊர் முன்னால் எப்படி நிற்பது? வாயை அங்கவஸ்திரத்தால் பொத்திக்கொண்டு சபைக்கு வந்தார்.

அரண்மனைப் பொற்கொல்லர் நாகலிங்க ஆசாரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரண்டு பக்கத்துப் பல்லும் கல் மாதிரி நிற்குது மகாராஜா. நடுவில் வைக்க ஒரு பல் கொடுங்க. தங்கக் கம்பி போட்டு இரண்டோடும் சேர்த்துக் கட்டிடுறேன்."

மந்திரி ஆவுடையப்பர் எழுந்தார். "நம் விகடன் சடையாண்டியின் முன்பல் அச்சு அசல் தங்கள் பல் மாதிரியே இருக்கிறது, பிரபு."

சடையாண்டி தன் முன்பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டான். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு. சொல் போனால் இந்தச் சபையில் அவனுக்கு ஏது சோறு? மந்திரிக்கு வேண்டியதும் அதுதான். போன வாரம் அவர் பாடிய வெண்பாவைச் சடையாண்டி கிண்டல் பண்ணியிருந்தான்.

"உன் பல்லைக் கொடு," என்றார் ராஜா.

"என் பல்லுக்கு அடித்த யோகம், மகாராஜா! ராத்திரிகூட நெத்திலிக் கருவாடு கடித்த பல். இனி பஞ்சாமிர்தம் கடிக்கும்."

ராஜா பரம சைவர். "சிவ சிவா!" என்று காதைப் பொத்தினார். வாய் தெரிந்துவிட்டது.

"திருநீறு போட்டுத் தேய்த்தால் போகிறது," என்றார் மந்திரி.

"எதற்கு அந்தப் பாடு?" என்றான் சடையாண்டி. "பிறந்ததிலிருந்து சைவம் தவிர வேறு தொட்டதில்லை என்று மந்திரியார் இதே சபையில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அவருக்கும் முன்பல் இருக்கிறது. ஆசாரியாரே, நூலை எடுத்து அளந்து பாரும்."

ஆசாரி நூலோடு கிட்டப் போனார். மந்திரியின் வாய் இறுக மூடிக்கொண்டது.

"வாயைத் திறவுமய்யா!" என்றார் ராஜா.

திறந்தார். பல்லோடு உண்மையும் வெளியே வந்தது. "என் மாமனார் ஊர் கடற்கரை, பிரபு. அங்கே போனால் மட்டும்..."

"கடைசியாக எப்போது போனீர்?"

"முந்தாநாள்."

ராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். "என் நாட்டில் மீன் தொடாத பல்லே கிடையாதா?"

"ஏன் இல்லை? வாசலில் நிற்கிறதே," என்றான் சடையாண்டி. "பட்டத்து யானை. கரும்பும் தழையும் தவிர வேறொன்று அறியாது. தந்தமும் பல்தானே மகாராஜா? போன மாதம் அறுத்த நுனி கஜானாவில் சும்மா கிடக்கிறது."

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?"

"மந்திரியார் என் பல்லைத்தானே கேட்டார். யானையை யார் கேட்டார்கள்?"

ராஜா அங்கவஸ்திரத்தை மறந்துவிட்டுச் சிரித்தார். ஆசாரி தந்தத்தை அராவிப் பல்லாக்கித் தங்கக் கம்பி கட்டினார். தேரன்று ராஜா ஊரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். யானைக்குத் தினமும் ஒரு கட்டுக் கரும்பு என்று உத்தரவாயிற்று. சுமக்க வேண்டியவர் மந்திரி.

"உனக்கு என்ன வேண்டும், கேள்," என்றார் ராஜா.

"இருக்கிறதே போதும் மகாராஜா," என்று முப்பத்திரண்டும் தெரிய இளித்தான் சடையாண்டி.