காணாமல் போன வாய்க்கால்

மாவட்ட அலுவலகத்தில் வரைபடம் தயாரிக்கும் ஒப்பந்த வேலை பார்த்தாள் அம்சவேணி. காலையிலிருந்து அவள் கம்ப்யூட்டரில் சாலை வந்தது, தெரு வந்தது, மழைநீர் வாய்க்கால் மட்டும் வரவில்லை. வாய்க்காலுக்கான லேயர், அதாவது வரைபட அடுக்கின் பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறிதான் நின்றது. தேடித் தேடிக் கண் எரிந்த பிறகு, வாய்க்கால் கோப்பு பொறியாளர் குலோத்துங்கனின் லேப்டாப்புக்கு மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. அவரிடம் கேட்டாள். எரிந்து விழுந்தார்.

மழைவெள்ளக் கூட்டத்துக்குக் கலெக்டரம்மா வந்து, திரையில் அம்சவேணியின் வரைபடத்தைப் பார்த்தார். "ஓடைப்பேட்டை வீடுகளுக்குள்ள வருஷா வருஷம் ஏன் தண்ணி வருது? வாய்க்கால் எங்கே?"

குலோத்துங்கன் எழுந்தார். "இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியாது மேடம். கம்ப்யூட்டரும் பழசு. ஏம்மா, இப்பவே வாய்க்காலைக் கொண்டு வா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அம்சவேணிக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

"சார் சொல்றது சரிதான் மேடம், என் கம்ப்யூட்டர் பழசு. சாரோட லேப்டாப் புதுசு. இதே வரைபடத்தை அதுல திறக்கலாமா?"

"அதுல சார்ஜ் இல்ல."

"சார்ஜர் என்கிட்ட இருக்கு சார்."

கலெக்டர் தலையசைத்தார். லேப்டாப்பில் வரைபடம் திறந்ததும் வாய்க்கால் நீலமாக ஓடியது. அதன் மேலேயே வீட்டுமனைகள் கட்டம் கட்டமாக நின்றன. எல்லாவற்றிலும் குலோத்துங்கனின் மச்சான் பெயர்.

"இது சாஃப்ட்வேர் கோளாறு மேடம்."

"அதைத்தான் அந்தப் பொண்ணு சரிபண்ணிட்டாளே," என்றார் கலெக்டர்.

மனை விற்பனைக்கு அன்றே தடை விழுந்தது. பாராட்டலாம் என்று கலெக்டர் திரும்பியபோது, அம்சவேணி நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.