அடுப்புக்குப் போன பாதி

முன்னொரு காலத்தில் யோர்தான் ஆற்றுக்கு அப்பால் ஒரு குட்டி தேசத்தை அசாரேல் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தேசம் சின்னது, தலைக்கனம் பெரியது. ஒருநாள் கேதுரு மரத்தை வெட்டச் சொல்லி, தானே உளி பிடித்து ஒரு சாமி செய்தான். முகத்தை மட்டும் தன் முகம்போலவே செதுக்கிக்கொண்டான். செதுக்கச் செதுக்க, மிச்ச மரம் வழக்கம்போல அரண்மனை அடுப்புக்குப் போனது.

"எல்லோரும் விழுந்து கும்பிடுங்கள்!" என்றான் ராஜா. சபையே விழுந்தது. நான் இருந்திருந்தால் முதல் ஆளாக விழுந்திருப்பேன். என் முதுகெலும்பு அப்படி. சமையற்காரி மில்காள் மட்டும் நின்றாள்.

"என்னை உண்டாக்கினவரைத்தான் கும்பிடுவேன். மகாராஜா உண்டாக்கினதை அல்ல."

ராஜா அவள் கைமணத்தைப் புகழ்வது மந்திரி ஏலோனுக்குப் பொறுக்காது. "நாளைக் காலைக்குள் கும்பிடாவிட்டால் இவள் தலையை எடுத்துவிடலாம், அரசே" என்றான். ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

மறுநாள் காலை மில்காள் தட்டோடு வந்தாள். தட்டில் பச்சை மாவு உருண்டை.

"அப்பம் எங்கே?"

"அடுப்பு மூட்டப் பயமாயிருக்கு, மகாராஜா. விறகும் சாமியும் ஒரே மரம். எதுவரைக்கும் சாமி, எங்கிருந்து விறகு என்று மந்திரி ஐயா கோடு போட்டுக் காட்டட்டும். உடனே சுட்டுத் தருகிறேன்."

மந்திரி சட்டென்று கோடு போட்டான்: "உளி பட்டது சாமி, படாதது விறகு."

"உளியைப் பிடித்தது மகாராஜா கை. அந்தக் கைக்குத் தெம்பு கொடுத்தது அப்பம். அப்பத்தைச் சுட்டது விறகு. அப்போ அடுப்பில் எரிந்தவர்தானே ஐயா மூத்த சாமி?"

ராஜாவின் வயிறு பசியில் கடமுட என்றது. அதைத் தடவிக்கொண்டே அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"பாதி சாமியை எரித்துத் தின்று ஏப்பம் விட்டேன். மீதிப் பாதியிடம் நாட்டைக் காப்பாற்று என்று கேட்டேன். என்னைவிட முட்டாள் இங்கே உண்டா?"

"உண்டு அரசே, அடியேன்!" என்று முந்திக்கொண்டான் மந்திரி. பழக்கதோஷம்.

"அப்படியானால் சாமியை நீயே தூக்கு. அது தானாக நடக்காது."

மந்திரி முதுகில் ஏறிப்போன சாமி, வெள்ளரித் தோட்டத்தில் காக்காய் ஓட்ட நின்றது. மில்காளின் தலை தப்பியது, மந்திரியின் ஆசனமும் அவளுக்கே கிடைத்தது.

பத்து நாள் கழித்து ராஜா தோட்டத்துக்குப் போனான். மரமூக்கின்மேல் ஒரு காக்காய் உட்கார்ந்து நிதானமாக வெள்ளரிப்பிஞ்சைத் தின்றுகொண்டிருந்தது.

"ஒரு காக்காய்கூடப் பயப்படாத மூஞ்சி," என்றான் ராஜா. "இதற்காகவா ஒரு பெண்ணின் தலையை எடுக்கப் பார்த்தேன்!"