கிளறாத பானை

காட்டின் நடுவே ஒரு பெரிய இலுப்பை மரம் நின்றது. அதன் கிளைகளில் வௌவால்கள் தொங்கின. பொந்துகளில் ஆந்தைகள் குடியிருந்தன. மரத்தடியில் மட்டும் புல் முளைக்காது.

"நிழல் போனால் புல் வளரும். மரத்தைச் சாய்த்துவிடுங்கள்!" என்று எருமைகள், காட்டின் தலைவரான யானையிடம் முறையிட்டன.

தானாக முடிவெடுக்க யானைக்கு மனமில்லை. "காடு முழுக்கக் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வயதாகிவிடும். சிலரைக் கேட்டால் போதும். யார் போகிறீர்கள்?"

"நான் இருக்கிறேனே, தலைவரே!" என்று முந்திக்கொண்டது நரி. மரம் விழுந்தால் குஞ்சும் குட்டியும் பொத்துப் பொத்தென்று விழுமே! அதற்கு இப்போதே நாக்கில் நீர் ஊறியது.

நரி எங்கே போயிற்று? உச்சி வெயிலில் புல்வெளிக்குப் போயிற்று. அங்கே யார் இருப்பார்கள்? எருமைகள்தான்! பத்துப் பேரைக் கேட்டது. பத்துப் பேரும் தலையாட்டினார்கள்.

"காடே ஒரே குரலில் 'சாய்க்கலாம்' என்கிறது, தலைவரே!"

யானையும் அதை நம்பி, நெற்றியை வைத்து மரத்தை ஒரு தள்ளு தள்ளியது. மரம் குலுங்கியது. தூங்கிக்கொண்டிருந்த தாய் வௌவால் ஒன்று குட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு அலறியது.

"ஐயோ, நிறுத்துங்கள்! என் குட்டிக்கு இன்னும் பறக்கத் தெரியாது! எங்களை யார் கேட்டார்கள்?"

நரி சிரித்தது. "பத்துப் பேரைக் கேட்டாயிற்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்!"

"அது கிளறிய பானைக்கு! நீ மேலாக ஒரு பருக்கையைக் கிள்ளினாய். அடியில் பிடித்தது உனக்கு எப்படித் தெரியும்?"

யானைக்குச் சுருக்கென்றது. "சரி, பானையைக் கிளறுவோம்! அந்தி நேரத்தில் எல்லோரும் வாருங்கள். மரத்தடியில் இருக்கும் இந்தக் குழியில் ஆளுக்கு ஒரு முடியோ இறகோ போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்து எடுப்பேன். யாருடையது வருகிறதோ, அவர் சொல்லட்டும்!"

அந்தி வந்தது. யானை குழியைத் துதிக்கையால் நன்றாகக் கலக்கி, ஒன்றை எடுத்தது. நரி முடி! இரண்டாவதும் நரி முடி. மூன்றாவதும் அதுவே!

"இந்தக் காட்டில் எத்தனை நரிகள்?" என்றது யானை.

"ஒன்றே ஒன்றுதான்! அதன் வாலைப் பாருங்கள்!" என்று கத்தியது ஆந்தை.

எல்லோரும் திரும்பினார்கள். நரியின் வால் முருங்கைக்காய் போல மொட்டையாக இருந்தது! காடே விழுந்து விழுந்து சிரித்தது.

"குழியைக் காலி செய்யுங்கள். மறுபடியும் ஆளுக்கு ஒன்று. நரிக்கும் உண்டு, மிச்சம் இருந்தால்!" என்றது யானை.

இந்த முறை மான் வந்தது, கரடி வந்தது, ஆந்தை வந்தது. "உதிரும் பூதான் எங்களுக்குக் கோடைச் சாப்பாடு. மரம் வேண்டும்!" என்றது மான். கரடியும் அதையே சொன்னது. எருமை ஒன்று மட்டும் "சாய்க்கலாம்" என்றது.

தாய் வௌவாலின் முடி வரவே இல்லை. பத்தாவதும் எடுத்தாயிற்று. அது குட்டியை அணைத்தபடி யானையைப் பார்த்தது.

"ஒன்பது பேர் 'மரம் வேண்டும்' என்கிறார்கள். மரம் நிற்கும். நீ குட்டியைத் தூங்க வை, தாயே!" என்றது யானை.

சிலரைக் கேட்டே எல்லோர் மனத்தையும் அறியலாம். ஆனால், அந்தச் சிலரில் ஒருவராகும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும்.