உச்சிக் கிளையில் கிலுக்கி

ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் ஏழு தவிட்டுக்குருவிகள் ஒன்றாக வாழ்ந்தன. ஆறு குருவிகள் கீழே சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். ஒன்று உச்சிக் கிளையில் காவல் இருக்கும். முறை வைத்து நடக்கும் காரியம் இது. காவல் குருவி கத்தினால் மற்றவை முள்ளுக்குள் பாய்ந்துவிடும். அதனால் வல்லூறுக்கு அங்கே பருப்பு வேகவில்லை.

ஏழில் கிலுக்கிக்கு மட்டும் தீராத ஆசை ஒன்று இருந்தது. தன்னை யாராவது படம் பிடிக்க வேண்டும்!

பனிக்காலத்தில் ஊர் ஊராகப் பறவை பார்க்கும் கூட்டம் வேன் பிடித்து வந்து இறங்கும். நாரை என்றால் கேமராவோடு ஓடுவார்கள். மீன்கொத்தி என்றால் மூச்சை அடக்குவார்கள். கிலுக்கியைப் பார்த்தாலோ, "அட, தவிட்டுக்குருவிதானே! நம்ம வீட்டு வேலியிலேயே கத்திக்கிட்டுக் கெடக்குது" என்று நடையைக் கட்டுவார்கள். கிலுக்கிக்கு உடம்பெல்லாம் எரியும்.

"இந்தத் தடவை என்னைப் படம் எடுக்காம இவங்களை விடப்போறதில்ல!" என்று மீன்கொத்தியிடம் சொன்னது.

மீன்கொத்தி சிரித்தது. "நீயா? ஒரு நொடி சும்மா இருப்பியா? படம் வேணும்னா இறகுகூட அசையக் கூடாது. வாயைத் திறந்தே, போச்சு!"

"இருந்து காட்டுறேன் பாரு!"

காவல் முறை வரும்போதெல்லாம் கிலுக்கி மரக்கட்டையாக உட்கார்ந்து பழகியது. கண் மட்டும் ஏரியைச் சுற்றி வரும். காலில் எறும்பு கடித்தது, அசையவில்லை. காற்று வாலைத் தூக்கியது, அசையவில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்!

வேன் வந்தது. தொப்பி போட்ட ஓர் அம்மாள் அண்ணாந்து பார்த்துத் தன் கணவரைக் கூப்பிட்டார். "ஏங்க, இங்க வாங்களேன்! தவிட்டுக்குருவிக்கு இவ்வளவு அழகான கண்ணா! ஆடாம இருடி தங்கம், இதோ எடுத்துடறேன்!"

கேமரா உயர்ந்தது. கிலுக்கி இறகைக்கூட அசைக்கவில்லை.

அப்போதுதான் பனைமரத்துக்குப் பின்னாலிருந்து வல்லூறு தாழ்வாகப் பாய்ந்து வருவது கண்ணில் பட்டது. கீழே ஆறும் தலை குனிந்து சருகைக் கிளறிக்கொண்டிருந்தன.

'ஒரு நொடி பொறு, படம் விழட்டும்' என்று மனசு கெஞ்சியது. அந்த ஒரு நொடியில் எவள் பலியாவாள்? அக்காவா? சின்னவளா?

"வல்லூறு! ஓடுங்கடி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கிலுக்கி முள்ளுக்குள் பாய்ந்தது. ஆறும் பாய்ந்தன. வல்லூறின் காலில் காய்ந்த சருகுதான் சிக்கியது.

அம்மாள் கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சே! படத்துல வெறும் கிளைதான் விழுந்திருக்கு." வேனும் கிளம்பிப் போய்விட்டது.

"இத்தனை பாடுபட்டு வெறும் கிளையா?" என்று மீன்கொத்தி கெக்கலித்தது.

கிலுக்கிக்கு வருத்தம் இல்லை என்றால் அது பொய். ஆனாலும் முள்ளிலிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த ஆறு தலைகளைக் கண்டதும் அதற்கு உயிர் வந்தது.

"அந்தப் படத்துல நான் இருந்திருந்தா, இவங்கள்ல ஒருத்தி இங்க இருந்திருக்க மாட்டா. போடா, எனக்கு வெறும் கிளையே போதும்!"

நாலு பேர் பார்க்க நிற்பதைவிட, நம்மை நம்பித் தலை குனிந்திருப்பவர்களைக் காப்பதே பெருமை.