தவளை மேளம் ஆள் வந்தால் ஏன் நிற்கிறது

அந்தக் காலத்தில் நெடுங்கரைக் குளத்துத் தவளைகளுக்கு ஓர் அநியாயம் நடந்தது. "உங்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று சொல்லி, குளத்தில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரிலிருந்து அவர்களை வெளியேற்றினார்கள். சொன்னது யார்? பிறந்தது முதல் அவர்களுடைய மேளத்தைக் கேட்டுத் தலையாட்டிய அதே ஊர்க்கூட்டம். எதற்காக வெளியேற்றினார்கள்? மேளத்தைக் காப்பாற்றுவதற்காக!

தலை சுற்றுகிறதா? அங்கே இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் சுற்றியது. வரிசையாகச் சொல்கிறேன்.

அப்போது எல்லா உயிர்களும் பேசும். ஒன்றையொன்று முறை வைத்துக் கூப்பிடும். வருஷத்துக்கு மூன்று முறை கொடைத் திருவிழா நடக்கும். கொடை என்றால் மயில் ஆட்டம். ஆட்டம் என்றால் தவளை மேளம். தவளைக்குத் தொண்டைதான் மேளம். மொத்தம் பதினோரு பேர். கரையில் நடுநாயகமாக உட்கார்ந்து, பட்டப்பகலில், ஊரே சுற்றி நிற்க வாசிப்பார்கள். குழந்தைகள் மூக்குக்கு முன்னால் வந்து நின்று பார்த்தாலும் நிறுத்த மாட்டார்கள்.

அவர்கள் வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவர் கொம்பையா 'டொம்' என்று ஓர் அடி கொடுத்துவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளியில் அவர் மனைவி உடைச்சி 'ட்ரக்' என்பாள். அவள் விட்ட இடத்தில் அடுத்தவர், அவர் விட்ட இடத்தில் அதற்கடுத்தவர். ஒருவருக்கு ஓர் அடிதான். அடுத்தவர் இடத்தில் அடிப்பது பெரிய தப்பு. பதினோரு பேரும் சேர்ந்தால் மயிலுக்குக் கால் தரையில் நிற்காது.

பிறகு மூன்று வருஷம் மழை இல்லை. மழை இல்லாததால் கொடை இல்லை. கொடை இல்லாததால் மேளத்துக்கு அழைப்பில்லை. குளம் வற்றி வற்றி, மடைக்குப் பக்கத்தில் ஒரு குழியில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில்தான் உடைச்சி பெற்ற குஞ்சுகள் இருந்தன. தலையும் வாலுமாக நாற்பது. தவளைகளாவது ஈர மண்ணில் ஒண்டிக்கொள்ளலாம். குஞ்சுகளுக்கு அந்தத் தண்ணீரை விட்டால் உயிர் இல்லை.

இந்த நேரத்தில்தான் ஊர்க்கூட்டம் கூடியது. தலைவர் ஆமை அண்ணாச்சி. அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை சுலபமாகப் போய்விடும். அவர் உண்மையிலேயே கண்கலங்கித்தான் பேசினார்.

"நம்ம ஊருக்குப் பேரே மேளத்தாலதான். இந்தப் பஞ்சத்துல மேளக்காரங்க செத்துப்போனா நாளைக்கு யாரு வாசிப்பா? மடைக்குழியைக் கலைஞர்களுக்குன்னு ஒதுக்கிருவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் ஓணான் எழுந்து, "அண்ணாச்சி, நான் தலையாட்டுதது ஆட்டத்துல சேராதா?" என்று கேட்டது. நண்டு, "நான் பக்கவாட்டுல நடக்கேனே, அது ஒரு அடவுதான்" என்றது. நத்தை, தான் மெதுவாக ஆடிக்கொண்டிருப்பதாகவும் யாரும் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பதில்லை என்றும் சொன்னது.

ஆமைக்குக் குழப்பமாகிவிட்டது. குழியோ சின்னது. யாரை விடுவது, யாரைத் தடுப்பது? அதனால் ஒரு விதி போட்டார். ஒவ்வொருவராகப் பாறைமேல் ஏறி, தன் திறமையைத் தனியாகக் காட்ட வேண்டும். தேறியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் குழி.

முதலில் கொம்பையா ஏறினார். தொண்டையை உப்பினார்.

"டொம்."

ஆமை காத்திருந்தார். கொம்பையாவும் காத்திருந்தார். ஓர் ஈ பறந்து போனது.

"ம், மேல அடி."

"இனி உடைச்சி அடிக்கணும் அண்ணாச்சி."

"உடைச்சியை நான் கேக்கல. நீ என்ன அடிப்ப?"

"அடிச்சிட்டேனே. இந்த இடத்துல நான் சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கதா கலை?"

"ஆமா. அடிக்கதை ஒரே நாள்ல படிச்சிட்டேன். சும்மா இருக்கதைப் படிக்கத்தான் எட்டு வருஷம் ஆச்சு."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையா விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. இறங்கிவிட்டார்.

உடைச்சி ஏறினாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்ன தாயி, மறந்து போச்சா?"

"அவுக 'டொம்' சொல்லட்டும். அதுக்கப்புறந்தானே நான்?"

"அவன் இறங்கியாச்சு."

"அப்ப எனக்கு எடம் வரல."

இப்படியே பதினோரு பேரும் ஏறினார்கள், இறங்கினார்கள். எல்லோரையும் கேட்டு முடித்தபோது ஆமையிடம் சேர்ந்தது ஒரே ஒரு 'டொம்'. மீதி முழுக்க மௌனம். அவர் மண்டையைச் சொறிந்தார். 'மூணு வருஷத்துக்கு முன்னால நான் இந்தக் காதால கேட்டேனே. அந்த மேளம் எங்கே போச்சு? இவங்க ஒளிச்சு வச்சிருக்காங்களா? இல்லை, அன்னைக்கு வேற யாரும் வாசிச்சாங்களா?'

உடைச்சி பொறுமை இழந்தாள். "எங்களைச் சேத்துக் கூப்பிடுங்களேன் அண்ணாச்சி. ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் நீங்க சொல்லுததை நாங்க கேக்கோம்."

"சேத்துக் கூப்பிட்டா எவன் அடிக்கான், எவன் வாயை மட்டும் அசைக்கான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? நாளைக்கு ஓணானும் உங்க நடுவுல வந்து உக்காந்துக்கிடும்."

ஆமை கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? கொஞ்சம் இருக்கிறது. அதுதான் கோபத்தை இன்னும் கிளப்புகிறது. அநியாயம் அநியாயமாகவே வந்தால் எதிர்த்துப் பேசலாம். பாதி நியாயத்தோடு வந்தால் பேச்சு தடுமாறுகிறது. உடைச்சிக்கும் தடுமாறியது.

அந்த நேரம் பார்த்து, மேலே மருதமரக் கிளையில் உட்கார்ந்திருந்த மைனா தங்கபுஷ்பம், தவளைகள் படும் பாடு பொறுக்காமல், "அது இப்படில்லா வரும்" என்று ஒற்றை மூச்சில் முழு மேளத்தையும் கொட்டினாள். 'டொம் ட்ரக் கிட்டு கிட்டு டும்மர டக்கு டொம்.' வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பழகியிருந்தது. மைனாவுக்கு எதுவும் அப்படித்தான் தொற்றிக்கொள்ளும்.

ஆமை துள்ளாத குறை. "இதுதான்! இதுதான் நான் கேட்டது! ஏ பிள்ளை, இத்தனை நாள் எங்கே இருந்த?"

"அய்யோ அண்ணாச்சி, இது என்னோடது இல்லை. அவங்க சொத்து. நான் அவங்களை மாதிரிச் செஞ்சு காட்டினேன்."

"பாத்தியளா? என்ன ஒரு அடக்கம்! கலைஞர்னா இப்படி இருக்கணும்."

"நான் தண்ணியில இருக்க மாட்டேன் அண்ணாச்சி! நான் மரத்துல இருக்கவ!"

"அது உன் வசதி. குழி உனக்குத்தான்."

தண்ணீரில் இருக்க முடியாதவளுக்குத் தண்ணீர் கிடைத்தது. மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் தவளைகள் குழியைக் காலி செய்ய வேண்டும் என்றும் உத்தரவானது. 'நமக்கு நிஜமாகவே வாசிக்கத் தெரியாதோ' என்று கொம்பையாவுக்கே சந்தேகம் வந்திருந்தது. இதைவிடப் பெரிய கொடுமை எது என்று எனக்குத் தெரியவில்லை.

உடைச்சிக்கு மேளம்கூட அப்போது நினைவில் இல்லை. குழிக்குள் நாற்பது வால்கள் ஆடிக்கொண்டிருந்தன. தங்கபுஷ்பம் மரத்தை விட்டு இறங்கி அவளிடம் வந்தாள். முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டாள்.

"மதினி, வாயைத் திறந்து உங்க குடியைக் கெடுத்திட்டேன்."

"நீ என்ன செய்வ? கேட்டவன் காதுல அப்படி விழுந்துச்சு."

"பிள்ளைங்களை என்ன செய்யப் போற?"

"தூக்கிட்டுப் போனா வெயில்ல செத்துப்போயிரும். விட்டுட்டுப் போனா அந்த ஆமை வெளியே அள்ளிப் போட்டுரும்."

மறுநாள் ஆமை குழியைப் பார்வையிட வந்தார். தவளைகள் கரையேறி நின்றார்கள். ஆமை தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது யாரு இத்தனை பேரு?"

உடைச்சி வாயைத் திறப்பதற்குள் தங்கபுஷ்பம் குறுக்கே பறந்து வந்து நின்றாள்.

"என் பிள்ளைங்க."

ஆமை குஞ்சுகளைப் பார்த்தார். மைனாவைப் பார்த்தார். மறுபடி குஞ்சுகளைப் பார்த்தார்.

"இறக்கையைக் காணோமே?"

"சின்னப் பிள்ளைங்கதானே? இனிமேதான் முளைக்கும்."

"மூக்கும் உன்னை மாதிரி இல்லை."

"எல்லாம் அவங்க அப்பா சாடை. குடும்பத்துக்கும் குழின்னு நீங்கதானே சொன்னிய?"

ஆமைக்கு நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கால் இல்லாத, கண்ணும் வாலுமான அந்த உருவங்களுக்கும் கரையில் குந்தியிருந்த தவளைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் அவர் கண்ணுக்குப் படவில்லை. "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போதே, பிள்ளைகள் வேறொருத்தியின் பிள்ளைகளாகிவிட்டன. உடைச்சி அழவும் கூடாது. அழுதால் ஆமைக்குத் தெரிந்துவிடும்.

தவளைகள் காய்ந்த குளத்தில் பின்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டே போனார்கள். ஈரம் தட்டும் வரை தோண்டி, அதற்குள் முடங்கி, மேலே மண்ணை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் வெறும் குளம்.

தங்கபுஷ்பம் குழியை விட்டு அகலவில்லை. காக்கை வந்தால் கத்தி விரட்டினாள். குஞ்சுகள், "அம்மா, எங்களுக்கு எப்ப றெக்கை வரும்?" என்று கேட்டால், "வரும் வரும், முதல்ல பாசியைத் தின்னு" என்பாள். ஆனால் அவளுக்கு ஒன்று தெரியாது. உச்சிவெயிலில் குழித்தண்ணீர் கொதிக்கும்போது பெரிய தவளைகள் அடிச்சேற்றைக் கலக்கி, குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவருவார்கள். மைனாவுக்கு அது எப்படித் தெரியும்? சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் மூன்று குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

ஆடி பிறந்தது. ஒரு நாள் காலையில் வானம் கறுத்தது. ஊர் உடனே கொடை சாட்டி அறிவித்தது. மயிலை அழைத்தார்கள். மேளத்துக்குத் தேறிய கலைஞர் தங்கபுஷ்பத்தை அழைத்தார்கள். முதல் தூறல் விழுந்தது. மயில் தோகையை விரித்தது. தங்கபுஷ்பம் தொடங்கினாள்.

நன்றாகத்தான் இருந்தது. நான்கு சுற்று வரை.

ஐந்தாவது சுற்றில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பதினோரு தொண்டை பங்கு போட்டுக்கொள்ளும் வேலையை ஒரு தொண்டை எவ்வளவு நேரம் செய்யும்? மயில் ஒரு காலைத் தூக்கியிருந்தது. அதை வைக்க அடுத்த அடி வர வேண்டும். வரவில்லை. தூக்கிய காலோடு மயில், "ஏ தங்கபுஷ்பம், சீக்கிரம்! நான் விழுந்திருவேன்!" என்று கத்தியது.

"முடியலண்ணே!" என்றாள் அவள். கடைசி மூச்சைத் திரட்டி ஒரே ஓர் அடி கொடுத்தாள். "டொம்."

அதற்குமேல் அவளிடம் எதுவும் இல்லை. ஓர் இடைவெளி விழுந்தது. மண்ணுக்கடியில், மழையின் ஈரம் அப்போதுதான் இறங்கியிருந்தது. அரைத்தூக்கத்தில் இருந்த உடைச்சியின் காதில் அந்த 'டொம்' விழுந்தது. அதற்குப் பிறகு இருந்த இடம் தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

"ட்ரக்."

மண் பிளந்தது. பதினோரு பேரும் சேறு வழிய வெளியே வந்தார்கள். வரும்போதே வாசித்துக்கொண்டு வந்தார்கள். மயில் காலை இறக்கியது.

உடைச்சி ஆட்டத்தைப் பார்க்க நிற்கவில்லை. வாசித்துக்கொண்டே மடைக்குழிக்கு ஓடினாள். குஞ்சுகளுக்குக் கால் முளைத்திருந்தது. தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே வந்தாள்.

"மூணு பேரு இல்லை மதினி. வெயில்ல... எனக்குத் தெரியாமப் போச்சு."

உடைச்சியின் அடி அந்தச் சுற்றில் மட்டும் விழவில்லை. அந்த இடத்தை வேறு யாரும் எடுக்கவும் இல்லை. அடுத்த சுற்றில் அவள் மறுபடி சேர்ந்துகொண்டாள்.

கூட்டம் கொண்டாடியது. ஆமை அண்ணாச்சி மட்டும் கைதட்டவில்லை. அவருக்குத் தப்பு புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தார். வேகுவேகென்று, தவளைகள் கூடியிருந்த மடைக்குழிக்கு வந்தார். அவருடைய காலடி கேட்டதும் மேளம் நின்றது. பதினோரு பேரும் ஒரே நொடியில்.

"கேட்டேன், நல்லாக் கேட்டேன்! உங்கள்ல ஒருத்தர் பெரிய கலைஞர். அன்னைக்கு நான் தவறவிட்டுட்டேன். குழி இனி அவருக்குத்தான். யாரு அது? சொல்லுங்க."

யாரும் மூச்சு விடவில்லை. ஆமை குழம்பிப்போய்த் திரும்பி நடந்தார். பத்தடி போனதும் மேளம் தொடங்கியது. அவசரமாகத் திரும்பி வந்தார். நின்றது. போனார். தொடங்கியது.

தவளைகள் மழைக்கு மண்ணைப் பிளந்து வருவதும், ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் கத்துவதும், ஆள் கரையில் கால்வைத்தால் அத்தனையும் சட்டென்று அடங்குவதும் அன்றைக்குத் தொடங்கியவைதான். பாராட்ட வந்தாலும் பிடிக்க வந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். யாரோ தங்களில் ஒருவரைத் தனியாகப் பிரித்தெடுக்க வந்திருக்கிறார்.

மூன்றாவது முறை வந்தபோது ஆமை கெஞ்சினார். "நல்லது செய்யத்தான் வாறேன். யாருக்குன்னு செய்ய? பதிலாவது சொல்லுங்களேன்."

உடைச்சி தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கினாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க அண்ணாச்சி. எல்லாரும் சேந்து சொல்லுதோம்."