ஆறாத கணப்புச் சட்டி

ஏற்காட்டு மலையில் ஒரு பங்களாவைச் சடையப்பன், தீர்த்தகிரி, பச்சியப்பன் என்று மூன்று பேர் காவல் காத்தார்கள். அவர்களிடமிருந்து பங்களாவை யார் காப்பது என்று முதலாளி யோசிக்கவில்லை. பாவம், நல்ல மனிதர்.

தலைமைக் காவலன் சடையப்பனுக்கு இது ஐந்தாவது வேலை. முந்தைய நான்கும் அவனுடைய கடமை உணர்ச்சியால் போனவை. இதுவும் போனால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று மனைவி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தோட்டத்தின் நடுவில், விருந்தாளிகள் சுற்றி உட்கார்ந்து குளிர்காயப் பெரிய இரும்புக் கணப்புச் சட்டி ஒன்று இருந்தது. திங்கட்கிழமை காலை, ஊருக்குக் கிளம்பிய முதலாளி அதைக் காட்டினார். உள்ளே கங்கு இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

"நல்லா ஆறின பிறகுதான் தொடணும். சாம்பலை வாரிட்டு, எண்ணெய் தடவி, விறகுக் கொட்டகைக்குள்ள வச்சிடுங்க. மழை பட்டுத் துரு ஏறிச்சுன்னா மூணு பேரும் மலையை விட்டு எறங்கிட வேண்டியதுதான்."

சாயங்காலம் மூவரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஆறிடுச்சான்னு தொட்டுப் பாத்தாத்தானே தெரியும்?" என்றான் பச்சியப்பன்.

"ஆறின பிறகுதான் தொடணும்னாரு. ஆறுனது தெரியாம எப்படித் தொடறது?" என்றான் சடையப்பன்.

தீர்த்தகிரி வெகுநேரம் யோசித்தான். "சட்டியத் தொட்டவங்களத் தொட்டுப் பாக்கலாமுங்கண்ணா."

மறுநாள் விடியும்போது அப்படி ஒருவர் கிடைத்தார். சிப்பாய் என்ற பங்களா நாய் சட்டிக்குள் சாம்பலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சடையப்பன் அதன் வயிற்றில் கைவைத்தான். வெதுவெதுவென்று இருந்தது.

"இன்னும் ஆறலை" என்றான்.

சாயங்காலமும் நாய் சூடாகத்தான் இருந்தது. புதன்கிழமையும் அப்படியே. "நல்ல இரும்புங்க" என்று பச்சியப்பன் வியந்தான். எண்ணெயாவது தடவியாக வேண்டுமே என்று, மூவரும் நாயைப் பிடித்து உச்சி முதல் வால் வரை எண்ணெய் தடவினார்கள். அது போய்ப் படுத்தால் சட்டியில் தானாக ஒட்டிக்கொள்ளும் அல்லவா?

வியாழக்கிழமை மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. சடையப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மனைவியின் முகம் முன்னால் வந்து நின்றது. அந்த முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு வழி புலப்பட்டது.

"சட்டி கொட்டகைக்குள்ள இருக்கணும். ஆனா சட்டியத் தொடக்கூடாது. கொட்டகையத் தொடக்கூடாதுன்னு ஐயா சொன்னாரா?"

"சொல்லலைங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

விறகை வெளியே வீசிவிட்டு, தகரங்களைக் கழற்றி, நான்கு கால்களையும் பிடுங்கி வந்து சட்டியைச் சுற்றி நட்டார்கள். கடைசித் தகரம் ஏறியதும் மழை கொட்டியது. விறகு நனைந்தது, மூவரும் நனைந்தார்கள், சட்டியில் ஒரு சொட்டு விழவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். தோட்டத்து நடுவில் கொட்டகையையும், சாம்பலும் எண்ணெயும் பூசிய நாயையும் பார்த்தார். நடந்ததைச் சடையப்பன் ஒன்றுவிடாமல் சொன்னான். முதலாளி நாயைத் தூக்கி இறக்கிவிட்டு, சட்டிக்குள் கையை விட்டார்.

"ஐஸாட்டம் ஜில்லுன்னு கெடக்குதேடா! கெளம்புங்கடா மூணு பேரும்!"

"துரு ஏறினாத்தானுங்களே எறங்கணும்?" என்று சடையப்பன் பணிவாகக் கேட்டான்.

முதலாளி குனிந்து சட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. "சரி, இருந்து தொலைங்க" என்றார்.

சடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலாளியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒற்றியவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். கை வெதுவெதுவென்று இருந்தது.

"இத்தனை சூட்டையும் தாங்கிக்கிட்டு, நம்ம மனசு நோகக்கூடாதுன்னு ஜில்லுன்னு இருக்குங்கறாருடா" என்றான் தழுதழுத்து.

மற்ற இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு மூவருமாக முதலாளியை அமுக்கிப் பிடித்து, நாய்க்குத் தடவி மிஞ்சிய எண்ணெயை அவர் கையில் தோள்வரை தேய்த்துவிட்டார்கள்.